தொடர்புடைய பாடம்

கருவளர்ச்சி ஆய்வகத்தில் நான் சேர்ந்த முதல் வாரக் கூட்டத்தில், யார் எதைப் படித்துவிட்டு வந்தவர் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் கட்டுமானப் பொறியாளர். பாலங்கள் தாங்கும் பாரத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தவர், இப்போது கருவின் திசுக்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையை அளக்கிறார். அடுத்தவர் கணிதம், அதற்கடுத்தவர் கால்நடை மருத்துவம், மூலையில் இருந்தவரோ தத்துவத்தில் பட்டம் பெற்றபின் இந்தப் பக்கம் திரும்பியவர். என் முறை வந்ததும் இளங்கலை விலங்கியல், முதுகலை விலங்கியல், முனைவர் பட்டமும் விலங்கியல் என்று, நேர்முகத் தேர்வுக் குரலில், மதிப்பெண் சதவீதத்தோடு ஒப்பித்தேன். "வழி தவறாமல் வந்து சேர்ந்தவர் இவர் ஒருவர்தான்" என்றார் ஆய்வகத் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்புதான், ஆனாலும் இரவு வரை உறுத்தியது.

நமக்கோ பதினைந்து வயதில் எடுத்த பிரிவு ஆயுளுக்கும் கூடவே வரும். என்னோடு விடுதி அறையில் இருந்தவள் இயற்பியல் மாணவி. ஒரு மாலை என் நுண்ணோக்கியில் கோழிக் கருவைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள். முதுகலையில் விலங்கியல் படிக்க விண்ணப்பித்தாள். தொடர்புடைய பாடம் படிக்கவில்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இந்தத் துறையைச் சலித்தால் யார் மிஞ்சுவார்கள் என்று இங்கு வந்த பிறகு அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். கருவிலுள்ள உயிரணு தன் இருப்பிடத்தை அறிந்தே இன்னதாக மாறுகிறது என்ற கருத்தை 1969இல் முன்வைத்த லூயிஸ் வோல்பர்ட், தென்னாப்பிரிக்காவில் கட்டுமானப் பொறியியல் படித்து மண்ணின் இயக்கவியலில் வேலை பார்த்தவர். புழுவின் கருவில் ஒவ்வோர் உயிரணுப் பிரிவையும் கண்ணால் பின்தொடர்ந்த ஜான் சல்ஸ்டன் வேதியியலர். முதிர்ந்த உயிரணுவைக் குருத்தணு நிலைக்குத் திருப்பிய ஷின்யா யமனாக்கா எலும்பு அறுவை மருத்துவத்தில் பயிற்சி பெற்றவர். தவளையைப் படியாக்கம் (குளோனிங்) செய்துகாட்டிய ஜான் கர்டனுக்கு ஆக்ஸ்போர்டில் முதலில் கிடைத்தது கிரேக்க, லத்தீன் இலக்கியம் படிக்கும் இடம். கடைசி மூவரும் நோபல் பரிசு வாங்கியவர்கள். நம் அலுவலக மேசையில் நால்வருக்கும் அதே ஒரு வரிதான் கிடைத்திருக்கும்.

நான் படித்தது வீண் என்று சொல்லவில்லை. இரண்டு ஆண்டுகளாகக் கருவைச் சமன்பாடுகளாகவே பார்த்துவந்த கணிதக்காரர், முதன்முறையாக நுண்ணோக்கியில் குனிந்துவிட்டு, "இதில் தலை எந்தப் பக்கம்?" என்று என்னிடம்தான் தணிந்த குரலில் கேட்டார். எனக்கு அன்றைக்கு வந்த பெருமிதம் கொஞ்சநஞ்சமல்ல. தலையைக் காட்டிய கையோடு, முதுகெலும்புக்கு அடிப்படையான சோமைட் என்னும் திசுக்கட்டிகளின் இணைகள் கோழிக் கருவில் ஒன்றரை மணிக்கு ஒன்றாகவும், வரிக்குதிரை மீனில் 28.5 டிகிரி வெப்பத்தில் அரை மணிக்கு ஒன்றாகவும் தோன்றும் என்று மனப்பாடமாகச் சொன்னேன். "அரை மணி ஆயிற்று என்று அதற்கு எப்படித் தெரிகிறது?" என்றார். எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. உயிரணுவுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று 1976இல் அதற்கு விடை சொன்ன இருவரில் ஒருவரான கிறிஸ்டோபர் ஸீமன் கணிதர். அப்படித் தாளம் தப்பாமல் செயல்பாடு ஏறி இறங்கும் மரபணு 1997இல் அகப்பட்டது கோழிக் கருவில். 24, 48, 72 மணி நேரக் கருக்கள் என்று நான் ரெக்கார்டு நோட்டில் வரைந்து, பாகம் குறித்துக் கையெழுத்து வாங்கினேனே, அதே கோழிக் கரு. என் ஸ்லைடில் அந்தக் கடிகாரம் என்றைக்கோ நின்றுபோயிருந்தது.

இப்போது பழகிவிட்டது. யாராவது கேட்டால் மீன் கருவில் நேரத்தை அளக்கிறேன் என்கிறேனே தவிர, பட்டங்களைச் சொல்வதில்லை. ஆனால் போன வாரம் யாரோ ஃபார்மலின் புட்டியைத் திறந்த மாத்திரத்தில், செய்முறைக் கூடத்தில் வெளித்தேர்வாளர் பின்னால் வந்து நிற்பதுபோல் முதுகு தானாக நிமிர்ந்தது.

எங்கள் ஆய்வகத்தில் ஓர் இடம் காலியாகிறது. எந்தத் துறையினரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு. பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருக்கும் அவளுக்கு அதை அனுப்பிவைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "இணைத்தன்மைச் சான்றிதழ் கேட்பார்களா?"