கடல் நீர் பட்ட காயம்: நாட்குறிப்பு

ஜூன் 4
கை வீங்கி வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது: எந்தத் தண்ணீர், எப்போது? மீன் முள், சிப்பி ஓடு, நண்டுக் கொடுக்கு, மீன் தொட்டி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் ‘ஒன்றுமில்லையே’ என்பார்கள். காயத்துக்கும் வீக்கத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலேயே கிருமி பாதி பிடிபட்டுவிடும்.

ஜூன் 5
வீக்கம் மணிக்கணக்கில் முற்றினால் வைப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியாவைத்தான் முதலில் நினைக்க வேண்டும். 20 டிகிரிக்கு மேல் சூடான, உப்புக் குறைந்த முகத்துவார நீரில் செழிப்பது அது. தோலில் தெரிவதைவிட வலி பல மடங்கு இருக்கும். அடுத்து கருஞ்சிவப்பில் இரத்தக் கொப்புளம். சிரோசிஸ் (கல்லீரல் சுருங்கி இறுகும் நோய்), உடலில் இரும்பு தேங்கும் நோய், சர்க்கரை உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

கல்ச்சர் (லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. சிறுநீரகம் நன்றாக உள்ள பெரியவருக்கு டாக்சிசைக்ளின் 100 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. கூடவே செஃப்டாசிடைம் 2 கிராம் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரத்தக் குழாய் (சிரை) வழியாக. சர்ஜனையும் உடனே கூப்பிட வேண்டும். செத்த சதைக்குள் இரத்தம் போகாது, மருந்தும் போகாது. சிவப்பின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு, மணியையும் எழுதிவையுங்கள். ட்யூட்டி மாறினாலும் ‘பரவியதா, இல்லையா’ என்ற வாக்குவாதம் இருக்காது.

ஜூன் 8
மீன் அறுப்பவரின் விரலில் 2 முதல் 7 நாளில் ஊதாத் திட்டு, விளிம்பு மேடிட்டு, கடும் வலியோடு, சீழே இல்லாமல்: எரிசிபெலோத்ரிக்ஸ் என்ற பாக்டீரியா. கிருமி தோலின் ஆழத்தில் இருப்பதால் மேலாகப் பஞ்சுக் குச்சியால் எடுக்கும் ஸ்வாபில் வளராது. விளிம்பிலிருந்து முழுத்தோல் பயாப்சி (தோலின் முழு ஆழத்துக்கும் வெட்டியெடுக்கும் சதைத் துண்டு) வேண்டும். பென்சிலினுக்குக் கட்டுப்படும். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாது.

ஜூன் 13
வாரக்கணக்கில் ஆறாத கணு (தோலில் கெட்டியான முடிச்சு), அதன் மேலே நிணநீர்க் குழாய் வழியே வரிசையாக இன்னும் சில: மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற பாக்டீரியா. மீன் தொட்டி கழுவுவோரிடம் அதிகம். எக்ஸிமா (தோல் அழற்சி) என்று நினைத்து ஸ்டீராய்டு தடவி மாதங்களை வீணாக்குவதுதான் வழக்கமான கோளாறு. இது 30 டிகிரியில் வளரும், 37-இல் அடம்பிடிக்கும். ஆகவே லேப் படிவத்தில் ‘30 டிகிரி, 6 வாரம்’ என்று எழுதாவிட்டால் ‘வளர்ச்சி இல்லை’ என்றே பதில் வரும். கிளாரித்ரோமைசினும் எதாம்பியூட்டாலும் சேர்த்து 3, 4 மாதம். புண் ஆறிய பிறகும் 1, 2 மாதம் தொடர வேண்டும்.

ஜூன் 14
முதலுதவி. சோப்பும் ஓடும் நல்ல தண்ணீரும் போதும். கடல் நீரில் கழுவ வேண்டாம். குத்துக் காயத்தைத் தையல் போட்டு மூடாதீர்கள். டெட்டனஸ் ஊசி பாக்கியா என்று பாருங்கள். உள்ளே முள் முறிந்திருந்தால் எக்ஸ்-ரே ஏமாற்றலாம், அல்ட்ராசவுண்டும் பார்த்துவிடுங்கள்.