ஹை ரிஸ்க் வார்டு: 2025 ஜூன் மாதக் குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

மகப்பேறு எம்.டி. அல்லது டி.என்.பி. முடித்து, அதிக ஆபத்துள்ள கர்ப்பங்களைப் பார்க்கும் எப்.என்.பி. (தேசிய வாரியத்தின் பெல்லோஷிப்) பயிற்சிக்கு வருகிற பெல்லோக்களுக்குக் கையில் இருப்பது இரண்டே வருடம். சேர்ந்த வாரத்திலேயே தீசிஸ் தலைப்பு பற்றிய பேச்சு வந்துவிடும். "பிரீக்ளாம்ப்சியாவில் செய்யலாம்", "டாப்ளரில் செய்யலாம்" என்பார்கள்; முதலாவது கர்ப்பத்தில் பி.பி. ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய், மற்றது இரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன். அவசரம் வேண்டாம். முதல் மாதம் முழுக்க, எந்த அளவை நம்பி எந்த முடிவை எடுக்கிறோம் என்று மட்டும் எழுதிவரட்டும். அளவு தடுமாறும் இடத்தில்தான் நல்ல கேள்வி கிடைக்கும். இந்தக் குறிப்புகளும் அதற்காகத்தான்.

எல்லா அளவுக்கும் அடிப்படை கர்ப்ப வயது. 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை குழந்தையின் தலை முதல் பிட்டம் வரையுள்ள நீளத்தை (45 முதல் 84 மி.மீ.) அளந்து தேதி போடலாம். கடைசி மாதவிடாய்க் கணக்குக்கும் இந்த ஸ்கேனுக்கும் 7 நாளுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்கிறோம். 9 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் என்றால் 5 நாளுக்கு மேல் இருந்தாலே போதும்.

30 வாரத்தில் ரெபர் ஆகி வரும் தாயின் பைலில் மூன்று பிரசவத் தேதிகள் இருக்கும். ஒன்று மாதவிடாயை வைத்து, ஒன்று முதல் ஸ்கேனை வைத்து, மூன்றாவது போன வாரம் எடுத்த ஸ்கேன் இயந்திரம் தானாகப் போட்டது. அந்த மூன்றாவது தேதியை நம்பினால், வளர்ச்சி குன்றிய குழந்தை வயது குறைந்த குழந்தையாகக் கணக்கில் ஏறும். நோய் காகிதத்திலிருந்து மறைந்துவிடும், கருப்பையில் அப்படியே இருக்கும். முதல் நல்ல ஸ்கேனில் முடிவான தேதியைச் சிவப்பு மையில் எழுதி வட்டமிடுங்கள். அதற்குப் பிறகு யாரும் அதை மாற்றக் கூடாது.

ஜூன் 5, வியாழன்

பி.பி. பார்ப்பது எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பதால்தான் அது இவ்வளவு மோசமாக நடக்கிறது. தாய் 5 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் வேண்டும், கால் தரையில் பட வேண்டும், கை இதய மட்டத்தில் தாங்கப்பட வேண்டும். கப்பினுள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்ற வேண்டும். கைச் சுற்றளவு 33 செ.மீ.க்கு மேல் என்றால் பெரிய கப். சின்ன கப்பைக் கட்டினால் பி.பி. கூடுதலாகக் காட்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து மேலே இருக்கும் கையில் பார்த்தால் குறைத்துக் காட்டும், அந்தக் கை இதயத்தைவிட உயரத்தில் இருப்பதால். இரண்டாவது தவறுதான் ஆபத்தானது. 160 இருப்பவருக்கு 146 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

பெல்லோக்களுக்கு ஒரு பயிற்சி. பழைய கேஸ் ஷீட்டுகளை எடுத்து, பி.பி. எண்களின் கடைசி இலக்கத்தை எண்ணுங்கள். 2 மி.மீ. இடைவெளியில் கோடு போட்ட கருவியில் உண்மையாகப் படித்தால், பூஜ்யத்தில் முடிவது ஐந்தில் ஒன்றுதான் இருக்க வேண்டும். பூஜ்யங்கள் குவிந்திருந்தால் அந்த வார்டின் பி.பி. தரவை வைத்து எந்த ஆய்வும் செய்யாதீர்கள். முதலில் அளவெடுப்பைச் சரிசெய்யுங்கள்.

160/110 என்றால் 15 நிமிடத்துக்குள் மறுபடி பார்த்து உறுதி செய்து, அதிகபட்சம் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து தொடங்க வேண்டும். சிரைவழி லேபெட்டலால் கொடுப்பதானால் 20, 40, 80 மி.கி. என்று 10 நிமிட இடைவெளியில் ஏற்றுகிறோம். ஆஸ்துமா இருந்தால் அது வேண்டாம். ஆனால் மானிட்டரும் கூடுதல் நர்ஸும் இல்லாத இடத்தில் என்ன செய்வது? நாக்பூரில் இரண்டு அரசு மருத்துவமனைகளில் 894 தாய்மார்களைக் கொண்டு ஆராயப்பட்ட கேள்வி இதுதான். வாய்வழி நிபெடிபின், லேபெட்டலால், மெதில்டோபா மூன்றையும் ஒப்பிட்டு 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 6 மணி நேரத்தில் பாதகமில்லாமல் பி.பி. கட்டுக்குள் வந்தது முறையே 84, 77, 76 சதவீதம். கடைகோடி ஆஸ்பத்திரியின் மருந்து அலமாரியிலிருந்து எழுந்த கேள்வி உலகத்துக்கே பதில் சொன்னது. இப்படிப்பட்ட ஆய்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 9, திங்கள்

மேக்சல்ப், அதாவது பிரீக்ளாம்ப்சியாவில் வலிப்பைத் தடுக்கவும் நிறுத்தவும் கொடுக்கும் மெக்னீசியம் சல்பேட். பிரிட்சார்ட் முறையில் முதல் டோஸ் மொத்தம் 14 கிராம். கணக்கைத் தூக்கத்திலும் சொல்லத் தெரிய வேண்டும். 50 சதவீத ஆம்பூல் 2 மி.லி.யில் 1 கிராம். நாலு ஆம்பூல் (8 மி.லி.) எடுத்து 12 மி.லி. ஸ்டெரைல் தண்ணீர் சேர்த்தால் 20 மி.லி.யில் 4 கிராம், அதாவது 20 சதவீதக் கரைசல். இதைச் சிரைவழி 5 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாகக் கொடுக்க வேண்டும். அடுத்து நீர்க்காத மருந்து 10 மி.லி. (5 கிராம்) ஒவ்வொரு பிட்டத்திலும், 1 மி.லி. 2 சதவீத லிக்னோகைன் (மரத்துப்போகும் மருந்து) சேர்த்து, ஆழமான தசையில். பிறகு 4 மணிக்கு ஒருமுறை 5 கிராம், பக்கம் மாற்றி. பிரசவமோ கடைசி வலிப்போ, எது பிந்தியதோ அதிலிருந்து 24 மணி நேரம் வரை.

தவறு பெரும்பாலும் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, ஆம்பூலின் லேபிளைப் படிக்காமல் எண்ணிக்கையை மட்டும் எண்ணுவது. செறிவு வேறாக இருந்தால் டோஸும் வேறு. மற்றது, தொடர் டோஸுக்கு முன் பார்க்க வேண்டிய மூன்றைப் பார்க்காமல் 'டிக்' அடிப்பது. முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல் இருக்கிறதா, கடந்த 4 மணி நேரத்தில் சிறுநீர் 100 மி.லி.யாவது வந்திருக்கிறதா. மெக்னீசியம் வெளியேறும் வழி கிட்டத்தட்ட முழுக்கச் சிறுநீரகம்தான். சிறுநீர் குறைந்தால் அதே டோஸ் விஷமாகச் சேரும். அனிச்சை மறைவது முதல் எச்சரிக்கை, மூச்சு நிற்பது அதற்கு அடுத்த படி. கால்சியம் குளுக்கோனேட் 10 சதவீதம் 10 மி.லி. கட்டிலருகிலேயே இருக்க வேண்டும், ஸ்டோரில் அல்ல.

இதில் பெல்லோக்கள் அடிக்கடி கேட்கும் ஆய்வு, "24 மணிக்குப் பதில் 12 மணி நேரம் போதுமா?" என்பது. நியாயமான கேள்வி. ஆனால் 2002-இல் வந்த மேக்பை ஆய்வைப் பாருங்கள். 33 நாடுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள். எக்ளாம்ப்சியா (பிரீக்ளாம்ப்சியாவில் வரும் வலிப்பு) 1.9 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததைக் காட்ட அவ்வளவு பேர் தேவைப்பட்டார்கள். இரண்டு வருடத்தில் இருநூறு பேரைச் சேர்த்து, "இரு பிரிவிலும் வலிப்பு வரவில்லை, ஆகவே 12 மணி போதும்" என்று எழுதுவது தவறு மட்டுமல்ல, அதை நம்பி நாளை யாரோ மருந்தை நிறுத்துவார்கள். அந்த இருநூறு பேரிடம் எண்ணக்கூடியதை எண்ணுங்கள். கத்தீட்டர் எத்தனை மணி நேரம் இருந்தது, தாய் எப்போது எழுந்து நடந்தார், குழந்தையை முதலில் எப்போது கையில் வாங்கினார். இவையும் முக்கியமான விடைகள்தான்.

ஜூன் 12, வியாழன்

தொப்புள்கொடித் தமனி டாப்ளர். மிதக்கும் கொடிச் சுருளைத் தேர்ந்தெடுங்கள். கோணம் பூஜ்யத்துக்கு அருகில் இருக்கட்டும். குழந்தை மூச்சசைவு செய்யும்போது எடுக்காதீர்கள், அலைகள் ஒன்றுக்கொன்று மாறும். ஒரே மாதிரி மூன்று அலைகளாவது வந்த பிறகு திரைப் படத்தை உறைய வையுங்கள்.

இங்கே ஒரு பொத்தானைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்: வால் பில்டர். இரத்தக்குழாயின் சுவர் அசைவிலிருந்து வரும் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுவதற்கு இருப்பது. 60 ஹெர்ட்ஸுக்குள் வைக்க வேண்டும். அதை உயர்த்தி வைத்தால் டயஸ்டோல் (இதயம் தளரும் நேரம்) முடிவில் மெதுவாக ஓடும் உண்மையான இரத்த ஓட்டத்தையும் சேர்த்து வெட்டிவிடும். திரையில் அடிக்கோட்டுக்கு மேல் ஒரு கறுப்புப் பட்டை தெரியும், அலை அதற்குள் விழுந்து மறையும். ரிப்போர்ட்டில் 'டயஸ்டோலிக் ஓட்டம் இல்லை' என்று போகும், 29 வாரத்தில் சிசேரியன் பேச்சு தொடங்கும். ஓட்டம் இல்லை என்று எழுதும் முன் பில்டரைக் குறையுங்கள், கோணத்தை மாற்றுங்கள், கொடியின் இன்னொரு இடத்தில் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் எழுதுங்கள்.

மூளையின் நடுத்தமனியில் வேறு பிரச்சினை. ப்ரோபை (ஸ்கேன் கருவியின் கைப்பிடி) அழுத்தினால் குழந்தையின் தலை அழுந்தி, அளவு மாறும். வில்லிஸ் வட்டத்திலிருந்து (மூளையின் அடியிலுள்ள தமனி வளையம்) கிளம்பும் இடத்தை ஒட்டி, முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் அளக்க வேண்டும். தாய்க்கும் குழந்தைக்கும் இரத்த வகை ஒத்துப்போகாத ஆர்.எச். பொருத்தமின்மையில் உச்ச வேகம் இடைநிலையின் 1.5 மடங்கைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதும் இதே இடத்தில்தான். அங்கே கோணம் தவறினால் வேகம் குறைவாகத் தெரிந்து, இரத்தசோகை உள்ள குழந்தை தவறிப்போகும்.

ஒரே தாயை இரண்டு பெல்லோக்கள் தனித்தனியாக, ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல் அளந்து, வித்தியாசத்தைப் பதிவு செய்தாலே அது நல்ல சிறு ஆய்வு. செலவில்லை. எல்லா ஸ்கேனுக்கும் போல, சிசுவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் சட்டம் கேட்கும் எப் படிவத்தை மட்டும் முழுமையாக நிரப்புங்கள்.

ஜூன் 13, வெள்ளி

குறைப்பிரசவ ஆபத்தைக் காட்டும் கருப்பை வாய் நீளம், சுருக்கமாக. சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும், யோனிவழி ப்ரோப். படத்தின் பாதிக்கு மேல் கருப்பை வாயே நிறைந்திருக்க வேண்டும். அழுத்தினாலும் நீளும், சிறுநீர்ப்பை நிரம்பினாலும் நீளும். மூன்று நிமிடத்தில் மூன்று அளவு எடுத்து, மிகக் குட்டையானதை எழுதுங்கள், சராசரியை அல்ல. 24 வாரத்துக்கு முன் 25 மி.மீ. அல்லது குறைவென்றால் இரவில் 200 மி.கி. யோனிவழி புரோஜெஸ்டிரோன்.

ஜூன் 17, செவ்வாய்

கர்ப்பகாலச் சர்க்கரையில் நம் ஊருக்குத் தனி இடம் உண்டு. சாப்பிட்டாரோ இல்லையோ, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்து 140 மி.கி. அல்லது அதற்கு மேல் என்றால் நோய் என்று எடுத்துக்கொள்ளும் ஒரே-பரிசோதனை முறையை முன்னெடுத்தவர் சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா. வெறும் வயிற்றோடு மறுபடி வா என்று அனுப்பினால் கூலி வேலைக்குப் போகும் பெண் திரும்பி வரமாட்டார் என்பதே அதன் நியாயம். உண்ணாமல் மூன்று முறை இரத்தம் எடுக்கும் சர்வதேச முறையில் (92, 180, 153) பிடிபடும் சிலரை இது தவறவிடுகிறது என்று எதிர்வாதமும் உண்டு. இரண்டுக்கும் மதிப்பு இருக்கிறது.

ஆனால் வாதத்துக்கு முன் குழாயைக் கவனியுங்கள். குளுக்கோஸை 300 மி.லி. தண்ணீரில் கரைத்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். 2 மணி நேரத்தைக் குடிக்கத் தொடங்கியதிலிருந்து எண்ண வேண்டும். 30 நிமிடத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் மறுபடி. எடுத்த இரத்தம் வராண்டாவில் காத்திருந்தால், இரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு 5 முதல் 7 சதவீதம். புளோரைடு குழாயும் முதல் ஓரிரு மணி நேரத்துக்கு அதை முழுதாக நிறுத்துவதில்லை. 148 இருந்தது லேபுக்குப் போய்ச் சேரும்போது 138 ஆகியிருக்கும். இந்தத் தாமதத்தை நம் ஆஸ்பத்திரிகளில் அளந்து, எத்தனை பேர் கோட்டுக்குக் கீழே நழுவுகிறார்கள் என்று கண்டறிவதை நான் எந்த மரபணு ஆய்வுக்கும் மேலாக மதிப்பேன்.

ஜூன் 20, வெள்ளி

குறைப்பிரசவம் நெருங்கும்போது குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகத் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி., தசைவழி, 12 மணிக்கு ஒருமுறை, நாலு டோஸ். ஒரு வயலில் (மருந்துக் குப்பி) 2 மி.லி., அதில் 8 மி.கி. எனவே ஒரு டோஸ் என்பது 1.5 மி.லி. முழு வயலையும் இழுத்துவிடும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

இதே மருந்தைப் பற்றி இரண்டு பெரிய ஆய்வுகள் எதிரெதிராகப் பேசின. 2015-இல் ஆறு நாடுகளில் சமூக அளவில் நடந்த ஏ.சி.டி. ஆய்வில் பச்சிளங்குழந்தை மரணம் குறையவில்லை, மொத்தத்தில் சற்றுக் கூடியது. 2020-இல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆக்‌ஷன்-1 ஆய்வில் மரணம் 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. இரண்டாவதில் கர்ப்ப வயது ஸ்கேனால் உறுதியானது, குறைப்பிரசவம் உண்மையில் நெருங்கியவர்களுக்கே ஊசி, குழந்தையைப் பார்க்கத் தகுந்த வார்டும் இருந்தது. முதலாவதில் ஊசி போட்ட பலர் மாதம் நிறைந்தே பெற்றார்கள். ஊசி போட்ட எத்தனை பேர் 7 நாளுக்குள் பிரசவித்தார்கள் என்று நம் வார்டில் எண்ண வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

இதயநோய்த் தாய்மார். சென்னை மருத்துவக் கல்லூரியின் எம்-பேக் பதிவேடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களைத் தொடர்ந்து பார்த்தது. அதில் பெரும்பங்கு ருமாட்டிக் காய்ச்சலால் வரும் வால்வு நோய். மேலை நாட்டுப் பட்டியல்களில் பிறவி இதயக்கோளாறே முதலில் நிற்கும். அங்கே உருவான ஆபத்து மதிப்பெண்ணை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது.

மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க வால்வு) சுருங்கியவருக்கு நாடி வேகமே எதிரி. டயஸ்டோல் குறுகினால் இரத்தம் நுரையீரலில் தேங்கும். வலியைக் குறையுங்கள், நாடியைக் கட்டுக்குள் வையுங்கள், டிரிப்பை எண்ணி ஓட்டுங்கள், கருப்பையைச் சுருக்கும் எர்கோமெட்ரின் கொடுக்காதீர்கள். குழந்தை பிறந்த உடனே, சுருங்கும் கருப்பையிலிருந்து இரத்தம் திரும்பி வரும் அந்த நேரம்தான் மிகவும் ஆபத்து. எல்லோரும் நிம்மதியாகி நகர்வதும் அப்போதுதான். ஒரு பெல்லோ தலைமாட்டிலேயே நிற்க வேண்டும்.

ஜூன் 27, வெள்ளி

பிரசவ இரத்தப்போக்கை வி வடிவ உறையில் சேர்த்து அளப்பது பெலகாவியில் நடந்த ஆய்வுகளிலிருந்து நமக்கு வந்தது. 2023-இல் ஈ-மோட்டிவ் ஆய்வு ஆப்பிரிக்காவின் நாலு நாடுகளில், 80 மருத்துவமனைகளில், கோடு போட்ட உறையையும் உடனடிச் சிகிச்சைத் தொகுப்பையும் சேர்த்துப் பயன்படுத்தியது. இரத்தப்போக்கைக் கண்டுபிடித்த விகிதம் 51-இலிருந்து 93 சதவீதமானது, தீவிரப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. தொகுப்பில் மசாஜ், ஆக்சிடோசின், இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், சிரைவழித் திரவம், பரிசோதனை. 500 மி.லி. ஆகக் காத்திருக்காமல், 300-ஐத் தாண்டி நாடியோ கருப்பையோ சரியில்லை என்றாலே தொடங்கினார்கள்.

உறையைக் குழந்தை பிறந்த பிறகு, தொடைக்கடியில் விரியுங்கள். முன்பே விரித்தால் பனிக்குட நீரும் சேர்ந்து கோடு பொய் சொல்லும். பஞ்சில் ஊறியதைத் தராசில் நிறுத்துச் சேருங்கள், 1 கிராம் 1 மி.லி.

இதையே தீசிஸாக எடுப்பவர், நெறிமுறைக் குழு அனுமதிக்குப் பின், முதல் தாயைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ.யில் (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு செய்ய வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்தேதிப் பதிவு கிடையாது. திங்கள்கிழமை உறைகள் வந்ததும், மூன்று ஷிப்ட் நர்ஸுகளுக்கும் தனித்தனியாகச் செய்து காட்ட வேண்டும்.