பெடர் ரோட்டை இரண்டு முறை ஏறியவர்கள்

மேற்கே திரும்பினால் பொதிகை தெரியும் ஊரில் வளர்ந்தவனிடம் மும்பையின் பெடர் ரோட்டைக் காட்டி, இதுதான் ஏற்றம் என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். அந்தப் பொதிகையின் உச்சியான அகத்தியர் மலையின் உயரம் 1868 மீட்டர். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பேருந்தில் ஒருமுறை போய்வந்தவருக்கு ஏற்றம் என்ற சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. பெடர் ரோடோ அடுக்குமாடிகளுக்கு நடுவே கிடக்கும் ஒரு மேடு. காரில் போகிறவர்கள் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் மும்பை மாரத்தான் ஓடியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். கடற்பாலத்தின் அழகைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு, மூன்றாவது வாக்கியத்தில் பெடர் ரோட்டுக்கு வந்துவிடுவார்கள்.

நான் அந்த மேட்டை இரண்டு மாரத்தான்களில், ஆக நான்கு முறை ஏறியிருக்கிறேன். இந்தக் கணக்கைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் ஓடிய இரண்டு முறையும் ஓட்டம் சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையத்துக்கு அருகே தொடங்கி, மரைன் டிரைவ், சௌபாத்தி வழியாக பெடர் ரோட்டைக் கடந்து, ஹாஜி அலி, வர்லி என வடக்கே போய், கடற்பாலத்தின் வழியே பாந்திரா பக்கம் சேர்ந்து, மாஹிம், தாதர் வழியாகத் திரும்பி, மீண்டும் அதே பெடர் ரோட்டில் ஏறி, தொடங்கிய பகுதிக்கே வந்து முடிந்தது. அதாவது அந்த மேடு போகும்போதும் இருந்தது, வரும்போதும் இருந்தது. எல்லோரும் பேசுவது 35 கிலோமீட்டரைத் தாண்டியபின் வரும் இரண்டாவது ஏற்றத்தைப் பற்றி மட்டுமே. இருட்டில், புதுக் கால்களோடு, கூட்டத்தின் ஆரவாரத்தில் ஏறிய முதல் ஏற்றம் ஒருவருக்கும் நினைவிலிருப்பதில்லை. கடன் வாங்கிய இடம் அதுதான் என்பது என் எண்ணம். இரண்டாவது ஏற்றம் அதை வசூலிக்க வந்த இடம்.

2020 ஜனவரியில் நான் முதல்முறை ஓடியபோது அப்படித்தான் கடன்பட்டேன். முதல் ஏற்றத்தில் பக்கத்திலிருந்தவர்களை வரிசையாக முந்திக்கொண்டு போன பெருமை, திரும்பி வரும்போது இரண்டு கெண்டைக்கால்களிலும் தசைப்பிடிப்பாக மாறி, சாலையோரத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னை நிற்க வைத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகள் கொரோனாவால் வழக்கமான போட்டி நடக்கவில்லை. அதனால் அந்த அவமானத்தை ஆற அமர நினைத்துப் பார்க்க நிறைய அவகாசம் கிடைத்தது.

2023 ஜனவரி 15 அன்று மறுபடியும் போனோம். இம்முறை நான்கு பேர்: நான், பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் நண்பர், வங்கியில் பணிபுரியும் அண்ணாச்சி ஒருவர், பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் பேராசிரியை. அன்று பொங்கல். பண்டிகையை விட்டுவிட்டு ரயிலேறுவதற்கு அவரவர் வீட்டில் கேட்டுக்கொண்டது தனிக்கதை.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருநெல்வேலி மாநகருக்குள் ஏற்றம் கிடைப்பது அரிது. மாஞ்சோலைச் சாலையும் காரையாறு சாலையும் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. விடியற்காலையில் காலணியை மாட்டிக்கொண்டு போய் ஓடுவதற்கான இடங்கள் அல்ல அவை. மார்கழி இருட்டில் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி, வண்ணார்பேட்டை தாண்டி, 1843இல் திறக்கப்பட்ட சுலோச்சனா முதலியார் பாலத்தில் தாமிரபரணியைக் கடந்து, ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்தால் எங்களுக்கு இருந்த ஒரே மலை கண்ணெதிரே நிற்கும்: திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம். 1973இல் ரயில் பாதைக்கு மேலே எழுப்பப்பட்ட, ஏறத்தாழ 800 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் மேலடுக்கில், பேருந்துகள் பெருகுவதற்கு முன், ஏறி இறங்கி, ஏறி இறங்கி, காலை ஐந்தரை மணிக்குள் எட்டுச் சுற்று முடிப்போம். கீழே தண்டவாளத்தில் ஏதாவதொரு ரயில் நீண்ட மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். டவுன் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். அல்வாவுக்குப் பேர்போன இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு பாதுகாப்பு.

இந்தப் பயிற்சியில் நாங்கள் மூவரும் ஒரு கட்சி, வங்கி அண்ணாச்சி ஒரு கட்சி. ஏறும்போது மூச்சைக் கணக்கில் வைத்து ஓடி, இறங்கும்போது நடந்து இளைப்பாறுவது எங்கள் வழக்கம். அவர் நேர்மாறாக, ஏற்றத்தில் நடந்து, இறக்கத்தில் மட்டும் ஓடுவார். “அண்ணாச்சி, உருண்டு போறதுக்குப் பயிற்சி எதுக்கு?” என்று ஆசிரியர் கேலி செய்வார். அவர் பதில் சொன்னதே இல்லை.

மும்பையில் ஜனவரியில் சூரியன் உதிக்க ஏழேகால் ஆகிவிடுகிறது. நம் ஊரைவிட அரைமணி நேரத்துக்கும் மேல் தாமதம். ஆகவே முதல் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் தெருவிளக்கு வெளிச்சத்தில்தான் போனது. முதல் ஏற்றத்தில் இம்முறை நான் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பதை மட்டுமே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். வாக்கியம் உடைந்தால் வேகத்தைக் குறைத்தேன். என்னைத் தாண்டிப் போன நூற்றுக்கணக்கானவர்களில் எங்கள் உடற்கல்வி ஆசிரியரும் ஒருவர். கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

கடற்பாலத்தின் நடுவே இருக்கும்போது விடிந்தது. 5.6 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தில் மற்ற நாட்களில் நடப்பவர்களுக்கு அனுமதியில்லை. மாரத்தான் அன்று மட்டும் அதன்மேல் காலடிச் சத்தம் கேட்கும். அங்கேதான் நான் இடுப்புப் பையைத் திறந்தேன். எல்லோரும் ஓட்டத்தின் நடுவே சக்திக்காக உண்ணும் ஜெல் கொண்டுவந்தபோது நான் உடன்குடிக் கருப்பட்டியைச் சுக்குத் தட்டிப்போட்டுச் சிறு துண்டுகளாக உடைத்துக் கொண்டுவந்திருந்தேன். வியர்வையும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து அத்தனை துண்டுகளையும் ஒரே பாகாக்கிவிட, அவை பிளாஸ்டிக் உறையின் மூலையில் குழையக் கிடந்தன. இரண்டு விரலை உள்ளே விட்டு வழித்து நக்கிக்கொண்டு ஓடிய என்னைப் பார்த்து, பக்கத்தில் வந்த பெரியவர் மராத்தியில் ஏதோ கேட்டார். “குட்” என்று மட்டும் சொல்லிப் பையை நீட்டினேன். அவரும் ஒரு விரல் வழித்துக்கொண்டார். அடுத்த பத்து கிலோமீட்டருக்கு என் கைவிரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வந்தன.

இரண்டாவது முறை பெடர் ரோட்டின் அடிவாரத்துக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஏற்றம் ஏன் அங்கே அத்தனை கொடியதாகிறது என்பதற்குக் காரணம் மேட்டில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. உடல் தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைகோஜன், பெரும்பாலானவர்களுக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது தீரத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் உடலை மேலே தூக்கும் கூடுதல் வேலையைக் கேட்கிறது சாலை. பாஸ்டன் மாரத்தானின் புகழ்பெற்ற ஏற்றமும் இப்படித்தான் 32 கிலோமீட்டருக்குப் பின் வருகிறது. அதன் உயரம் 27 மீட்டர் அளவே. 1936இல் அங்கே ஜானி கெல்லி, முன்னால் ஓடிக்கொண்டிருந்த டார்சன் பிரௌனை எட்டிப்பிடித்துத் தோளில் தட்டிவிட்டுக் கடந்து போக, சீண்டப்பட்ட பிரௌன் மறுபடி முந்திச் சென்று பட்டத்தையும் வென்றார். கெல்லியின் மனம் உடைந்த இடம் என்று பத்திரிகையாளர் ஒருவர் எழுதியது அந்த மேட்டுக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது. தோளில் தட்டாமல் போயிருக்கலாம் என்று கெல்லி எத்தனை முறை நினைத்தாரோ! பாஸ்டன் பாதையில் இன்னொன்றும் உண்டு: தொடக்கத்திலிருந்தே நெடுந்தூரம் இறக்கம். மேடு வருவதற்கு முன்பே தொடைகள் களைத்துவிடுகின்றன. அந்த விஷயத்தை நான் முன்பே படித்திருந்தும் அதிலிருந்து எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது சற்று நேரத்தில் தெரிந்தது.

ஏற்றம் நன்றாகவே போனது. உண்மையிலேயே நன்றாகப் போனது. சிறு அடிகளாக வைத்து, பார்வையைப் பத்தடிக்கு முன்னால் நிறுத்தி, ஒருமுறையும் நிற்காமல் ஏறினேன். சாலையின் இருபுறமும் குடியிருப்புக்காரர்கள் தட்டில் ஆரஞ்சுச் சுளை, பிஸ்கட், கடலைமிட்டாய் என்று ஏந்திக்கொண்டு நின்றார்கள். ஒரு சிறுமி சுளைகளின்மேல் உப்பைத் தூவித் தூவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். 2020இல் நான் பிடித்துக்கொண்டு நின்ற தடுப்புக் கம்பி எந்த இடம் என்று தேடக்கூடத் தோன்றவில்லை. உச்சியைத் தாண்டி, கெம்ப்ஸ் கார்னர் மேம்பாலத்தின் வழியாக பாபுல்நாத் பக்கம் இறங்கத் தொடங்கிய பத்தாவது அடியில், இரண்டு முன்தொடைகளும் கல்லாகிவிட்டன.

ஏறும்போது தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மூட்டையைத் தோளில் ஏற்றுவதைவிட, சத்தமில்லாமல் மெல்லத் தரையில் இறக்கி வைப்பதுதான் உடம்பைப் படுத்தும் என்று அறிந்தவர்களுக்கு இது புரியும். தசைநார்களில் நுண்ணிய சேதம் அதிகம் ஏற்படுவதும் இந்த வகை வேலையில்தான். அதே சமயம், முன்கூட்டியே இறக்கத்தில் சில முறை ஓடிப் பழகியிருந்தால் தசை அடுத்த சில வாரங்களுக்கு அந்தச் சேதத்தைத் தாங்கும் பக்குவத்தைப் பெற்றுவிடுகிறது. ஈரடுக்குப் பாலத்தில் அண்ணாச்சி செய்துகொண்டிருந்தது இதுதான். சௌபாத்திக்கு நான் பக்கவாட்டில், நண்டு போல, தெருவோரமாக இறங்கிக்கொண்டிருந்தபோது அவர் என்னைத் தாண்டிப் போனார். கேலியாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. “மெதுவா வாங்க” என்றார். அதுதான் வலித்தது.

அன்று அதே பாதையை எத்தியோப்பியாவின் ஹெய்லே லெமி, 2016இல் பாஸ்டனிலும் வென்றவர், 2 மணி 7 நிமிடம் 32 விநாடியில் முடித்துப் போட்டியின் சாதனை நேரத்தைப் படைத்தார். எனக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆனது.

பதக்கத்தை மாட்டிக்கொண்டு நால்வரும் நேரே தாராவிக்குப் போனோம். அங்கே என் அத்தை இருக்கிறார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போய்க் குடியேறியவர்கள் நிறைந்த இடம் அது. பொங்கலன்று சாலையிலேயே வரிசையாக அடுப்புக் கூட்டிப் பானை ஏற்றுவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அடுப்புகள் தணிந்து கோலங்கள் மிதிபட்டுக் கிடந்தன. அத்தை எங்கள் நடையைப் பார்த்துவிட்டு, “ஏய்யா, ஓடுததுக்கு நம்ம ஊருல ரோடு இல்லியா? இதுக்கா ரெண்டு நாளா ரயில்ல வந்தீய?” என்றார்.

மாடி அறையில் இலை போட்டார்கள். சர்க்கரைப் பொங்கலுக்கும் சிறுகிழங்குப் பொரியலுக்கும் நடுவே அவரவர் பெடர் ரோடு வெளியே வந்தது. உடற்கல்வி ஆசிரியருக்கு அது கோபம்: முதல் ஏற்றத்தில் மிச்சம்பிடித்த மூன்று நிமிடத்தை இரண்டாவது ஏற்றம் இருபது நிமிடமாகத் திருப்பி வாங்கிக்கொண்டது என்றார், பள்ளி மாணவர்களிடம் இதைச் சொல்லப்போவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். பேராசிரியை தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டு இரண்டாவது ஏற்றம் முழுவதையும் நடந்தே கடந்திருந்தார். அதனால் லதா மங்கேஷ்கர் வாழ்ந்த பிரபு குஞ்ச் கட்டடத்தைத் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு வந்தது எங்களில் அவர் ஒருவர்தான். மற்ற மூவருக்கும் அந்தச் சாலை வெறும் தாராக மட்டுமே நினைவிருந்தது. அண்ணாச்சியிடம் கேட்டதற்கு, “ஏத்தத்துல நல்லாக் கஷ்டப்பட்டேன். பொறவு சரியாயிட்டு” என்று முடித்துக்கொண்டு இன்னொரு கரண்டி பொங்கல் கேட்டார்.

தாராவியின் பல வீடுகளில் மாடிக்குப் படிக்கட்டு என்று ஒன்று கிடையாது. சுவரோடு சாய்த்து வைத்த, ஏறத்தாழ நெட்டுக்குத்தான இரும்பு ஏணிதான் உண்டு. வரும்போது எப்படியோ ஏறிவிட்டோம். சாப்பிட்டு முடித்து இறங்க வேண்டிய நேரம் வந்தபோது, ஆசிரியர் முதல் கம்பியில் காலை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பேராசிரியை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினார். நான் கைகளின் பலத்தில் தொங்கி, கீழே நின்ற அத்தையின் பேரன் என் குதிகாலைப் பிடித்து ஒவ்வொரு கம்பியாக வைத்துவிட, ஒருவழியாகத் தரைக்கு வந்து சேர்ந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அண்ணாச்சி ஒரு கையில் எங்கள் நால்வருக்கும் அத்தை கட்டிக்கொடுத்த பொங்கல் தூக்குவாளியோடு, எங்களைப் பார்த்தபடியே, சாதாரணமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்.