மதுரை – திப்ருகார்: கணக்கில் மூன்றே முக்கால் மணி

மதுரை விமான நிலையத்திலிருந்து அசாமின் திப்ருகாருக்கு எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தட்டினால் உடனே பதில் வருகிறது: சுமார் 2,640 கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி. தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். அந்தத் தடத்தில் நேரடி விமானம் ஓடுகிறதா என்பதெல்லாம் அந்தக் கணக்குக்கு வேண்டாத கேள்வி.

ஓடவில்லை. நான் மதுரை – சென்னை – கொல்கத்தா – திப்ருகார் என்று மூன்று விமானம் மாறித்தான் டிசம்பரில் போனேன். இப்படிச் சுற்றுகிறோமே, எவ்வளவு தூரம் கூடுதலாக இருக்கும் என்று சென்னையில் காத்திருந்தபோது கூட்டிப் பார்த்தேன். மதுரை – சென்னை 420, சென்னை – கொல்கத்தா 1,380, அங்கிருந்து திப்ருகார் 850. மொத்தம் 2,650! நேர்கோட்டை விடப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் அதிகம். உலக உருண்டையில் மதுரைக்கும் திப்ருகாருக்கும் நூல் பிடித்தால், சென்னையும் கொல்கத்தாவும் அதன் ஓரமாகவே வந்துவிடுகின்றன. ஆக, சுற்றுவழி என்று யாரையும் குறை சொல்ல முடியாது. நேரத்தை விழுங்குவது தூரம் அல்ல, தரையில் உட்கார்ந்திருப்பதுதான்.

மூன்று பயணத்துக்கும் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைக் கூட்டினாலே ஐந்து மணியைத் தொடுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம், அதுவும் மூன்று தடவை. காத்திருப்பையும் சேர்த்தால் ஒரு பகல் சரியாகப் போய்விடும். ரயிலோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. கன்னியாகுமரி – திப்ருகார் விவேக் எக்ஸ்பிரஸ் கேரளா வழியாக ஏறி, வங்கதேசத்தைச் சுற்றிக்கொண்டு சிலிகுரிப் பக்கம் போய், 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மூன்று நாளுக்கும் மேலாகும்.

கடைசிப் பயணத்தில் இடது பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். வானம் தெளிவாக இருந்தால் வடக்கே பனிமலை வரிசை தெரியும். இறங்கும்போது பிரம்மபுத்திரா, ஒரே ஆறு என்று நம்ப முடியாதபடி மணல்திட்டுகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து கிடக்கிறது. விமான நிலையம் மோகன்பாரியில், ஊரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். வழியெல்லாம் தேயிலைத் தோட்டம்.

நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிட்டது. திப்ருகார் மதுரைக்குக் கிழக்கே 17 பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்றால், சூரியக் கணக்கில் அந்த ஊர் நமக்கு ஒரு மணி எட்டு நிமிடம் முன்னால். கடிகாரம் மட்டும் இரண்டு ஊருக்கும் ஒன்று. தேயிலைத் தோட்டங்களில் இதற்காகவே இந்திய நேரத்தை விட ஒரு மணி முன்னால் வைத்த ‘பாகான் டைம்’ என்று தனியாக ஒன்று உண்டு. எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

போகிறவர்களுக்கு ஒன்று: மூன்று விமானத்தையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். தனித்தனியாக வாங்கினால் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் முதல் விமானம் தாமதமானால் அடுத்ததைத் தவறவிட்ட நஷ்டம் உங்கள் தலையில். அப்புறம், குளிர்காலத்தில் உயரத்தில் மேற்குக் காற்று பலமாக வீசும். போகும்போது அது தள்ளிவிடும், வரும்போது எதிர்க்கும். எனவே திரும்பும்போது கொல்கத்தாவில் இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.