அப்பாவு என்ற பெயருக்குக் கீழே ஒரு அட்டவணை

நாளிதழ் ஒன்றின் ஆவணப் பிரிவில் எனக்கு வேலை. தேர்தல் வந்தால் நிருபர்கள் தொகுதி தொகுதியாகச் சுற்றுவார்கள். நாங்கள் உட்கார்ந்த இடத்திலேயே வேட்பாளர் குறிப்பு தயாரிப்போம். பெயர், வயது, படிப்பு, வகித்த பதவி, அதற்குக் கீழே ஒரு அட்டவணை: ஆண்டு, தொகுதி, கட்சி, பெற்ற வாக்கு, வித்தியாசம், முடிவு. 234 தொகுதிகளிலும் முக்கியமான மூன்று நான்கு பேருக்கு இதை முடிப்பதற்குள் கண் பூத்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெறும் டைப்பிங் வேலை. எனக்கும் அலுப்பு தட்டும். ஆனால் சிலருடைய அட்டவணை மட்டும் லேசில் நிரம்பாது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி முளைக்கும். 2021-இல் சட்டப்பேரவைத் தலைவரான ராதாபுரம் மு. அப்பாவுவின் அட்டவணை அப்படிப்பட்டது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் தொழில் பழக்கிக் கொடுப்பதே அதை வைத்துத்தான்.

ராதாபுரம், திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது. வள்ளியூர், பணகுடி, கூடங்குளம், இடிந்தகரை எல்லாம் அந்தத் தொகுதிதான். அணுமின் நிலையத்தால் ஊர் பெயர் உலகத்துக்கே தெரியும். தொகுதியின் தேர்தல் கதை மாவட்டத்துக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாது.

முதல் மூன்று வரிகளைப் பாருங்கள். 1996, த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்), வெற்றி. 2001, சுயேச்சை, வெற்றி. 2006, தி.மு.க., வெற்றி. தொகுதி ஒன்றே, ஆள் ஒருவரே, கட்சிக் கட்டத்தில் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு பெயர். இதைப் பார்த்ததும் புதுப் பையன்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "கட்சி மாறிட்டே இருந்திருக்கார் சார்." மாறினார், அது உண்மை. ஆனால் மூன்று வெற்றியும் ஒரே எடை இல்லை. அதை அட்டவணை காட்டாது.

1996-இல் அ.தி.மு.க.வோடு கூட்டணி என்று நரசிம்ம ராவ் முடிவெடுக்க, மூப்பனார் காங்கிரசை உடைத்துக்கொண்டு த.மா.கா.வைத் தொடங்கினார். தி.மு.க. அணியில் சைக்கிள் சின்னத்தில் நின்ற புதுக் கட்சிக்கு 39 இடம் கிடைத்தது. தி.மு.க.வுக்கு 173. அ.தி.மு.க.வுக்கு மிஞ்சியது வெறும் 4, பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார். அந்த வருஷம் அந்த அணியில் ஜெயித்த ஒருவரைப் பற்றி, அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. அலை அடித்தது, எல்லோரும் கரை ஏறினார்கள்.

2001 நேர் எதிர். காற்று மறுபக்கம் வீசியது. த.மா.கா.வும் இந்த முறை அ.தி.மு.க. அணியில் இருந்தது. அ.தி.மு.க. மட்டுமே 132 இடம் பிடித்தது. மாநிலம் முழுக்க ஜெயித்த சுயேச்சைகள் மூன்றே பேர். அதில் ஒருவர் அப்பாவு. கட்சி இல்லை, ஜனங்களுக்குப் பழகிய சின்னம் இல்லை, மேடைக்கு வந்து கை தூக்கித் தலைவர் எவரும் ஓட்டுக் கேட்கப் போவதில்லை. அந்த நிலைமையில் கிடைத்த ஓட்டு கட்சிக்கு விழுந்த ஓட்டு இல்லை. என்னைக் கேட்டால் அவருடைய அட்டவணையிலேயே கனமான வரி அதுதான். பிற்பாடு கிடைத்த பெரிய பதவிகூட எனக்கு அதற்கு அடுத்துத்தான். 2006-இல் தி.மு.க. அவரை நிறுத்தியதை இந்த வரியோடு சேர்த்துப் படித்தால் கட்சி மாறிய கதை வேறு மாதிரி தெரியும். சொந்தமாக ஓட்டு வைத்திருக்கிறவரைக் கட்சிகள் தேடி வரும். அது நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு.

2011-க்கு வந்தால் வரியே இல்லை. இங்கேதான் புதுசாக வருகிறவர்கள் நேராக 2016-க்குத் தாவிவிடுவார்கள். நான் விடமாட்டேன். அந்தத் தேர்தலில் தி.மு.க. அணியில் ராதாபுரம் காங்கிரசுக்குப் போனது. காங்கிரசின் வேல்துரை நின்றார், அ.தி.மு.க. அணியில் தே.மு.தி.க.வின் மைக்கேல் ராயப்பன் ஜெயித்தார். ஐந்து வருஷம் அந்தத் தொகுதியின் எம்.எல்.ஏ.வை வைத்திருந்த கட்சிக்கு அங்கே வேட்பாளரே இல்லை. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்கள் பலருடைய அரசியல் வாழ்க்கை ஓட்டு எண்ணும் மேசையில் முடிவதில்லை, தொகுதிப் பங்கீட்டு மேசையில்தான் முடிகிறது. தோல்வி என்றால் அட்டவணையில் ஒரு வரியாவது கிடைக்கும். சீட் கூட்டணிக்குப் போனால் அதுவும் கிடையாது. அதனால் எங்கள் குறிப்பில் "கூட்டணிக் கட்சிக்கு ஒதுக்கீடு" என்று ஒரு வரி சேர்க்கப் பழக்கியிருக்கிறேன். சினியாரிட்டி உள்ள ஒரு உதவி ஆசிரியர், "நிக்காத தேர்தலுக்கு என்னய்யா வரி?" என்று ஒவ்வொரு முறையும் அடித்துவிடுவார். நான் ஒவ்வொரு முறையும் சேர்ப்பேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 2006 வரை இருந்த ராதாபுரமும் 2011-க்குப் பிந்தைய ராதாபுரமும் ஒன்றில்லை. 2008 தொகுதி மறுசீரமைப்பில் பக்கத்துச் சேரன்மகாதேவி தொகுதியே காணாமல் போய்விட்டது. அந்த வட்டாரத்துத் தொகுதிகளின் எல்லைகள் மாறின. "ஒரே தொகுதியில் இத்தனை முறை" என்று எழுதும்போது மனசுக்குள் ஒரு நட்சத்திரக் குறி போட்டுக்கொள்வேன்.

சரி, 2016. அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590. தி.மு.க.வின் அப்பாவு 69,541. வித்தியாசம் 49. வித்தியாசம் கட்டத்தில் இரண்டு இலக்கம் வந்தால் எங்கள் பிரிவில் முதலில் எழும் சந்தேகம், பூஜ்யம் எதுவும் விட்டுப்போனதா என்பதுதான். கழித்துப் பார்த்தால் 49-தான். இதைவிடக் குறைவும் நடந்திருக்கிறது. கர்நாடகத்தில் 2004-இல் சந்தேமரஹள்ளியில் துருவநாராயணா 40,752, கிருஷ்ணமூர்த்தி 40,751. ஆனால் ஒரே ஓட்டில் தோற்றவருக்குக்கூட அட்டவணை சட்டென்று நிரம்பிவிடும். ராதாபுரத்துக்கு நிரம்பவில்லை.

காரணம் தபால் ஓட்டு. தேர்தல் பணிக்குப் போகிற ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், அரசு ஊழியர்கள் தங்கள் ஊர் பூத்துக்குப் போய் ஓட்டுப் போட முடியாது, அதனால் தபாலில் போடுகிறார்கள். ஓட்டுச் சீட்டு ஒரு சின்னக் கவரில், அதோடு 13ஏ என்ற உறுதிமொழிப் படிவம், இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய கவரில். அந்த 13ஏ-யில் ஓட்டர் கையெழுத்துப் போட்டால் போதாது, தகுதியுள்ள அதிகாரி ஒருவர் அட்டெஸ்ட் செய்யவேண்டும். எண்ணும்போது முதலில் பார்ப்பது இந்தப் படிவத்தைத்தான். அதில் கோளாறு என்றால் சின்னக் கவரைப் பிரிக்கவே மாட்டார்கள். உள்ளே யாருக்குப் போட்ட ஓட்டு என்பது யாருக்கும் தெரியாமலே அது செல்லாத ஓட்டாகிவிடும்.

ராதாபுரத்தில் 203 தபால் ஓட்டுகளை இப்படித் தள்ளிவிட்டார்கள், நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் அட்டெஸ்ட் செய்ததை ஏற்க மறுத்தது தவறு என்பது அப்பாவுவின் வாதம். கடைசியாக எண்ணிய 19, 20, 21-ஆம் சுற்றுகளைப் பற்றியும் புகார். 203-ஐயும் 49-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏன் வழக்குப் போட்டார் என்று விளக்க வேண்டியதில்லை. அப்பாவு அரசியலுக்கு முன் ஆசிரியர் வேலை பார்த்தவர். வழக்கு போய் நின்றது ஒரு தலைமை ஆசிரியரின் கையெழுத்தில்.

தேர்தல் வழக்கை உயர் நீதிமன்றத்தில் மட்டும்தான் போட முடியும், அதுவும் முடிவு அறிவித்த 45 நாளுக்குள். ஆறு மாதத்துக்குள் முடிக்க முயலவேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. 2016 மே மாதத்துத் தேர்தலுக்கு, தபால் ஓட்டுகளையும் அந்த மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபரில். நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளும் முடிந்தது. எண்ணி முடித்த ஓட்டின் கணக்கு அதுவரை வெளியே வரவில்லை. ஆறு மாதம் என்று சட்டத்தில் அச்சடித்திருப்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும். ஜெயித்தவருக்கும் அது நியாயமில்லை. ஐந்து வருஷமும் தலைக்கு மேல் ஒரு வழக்கோடு சபையில் உட்கார்ந்திருந்தார்.

இப்போது முடிவு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? "வழக்குனு போட்டுடலாமா சார்?" என்று கேட்ட பையன் ஒருவன் உண்டு. கூடாது. தேர்தல் ஆணையத்தின் அறிவிப்புப்படி அது தோல்வி, அப்படித்தான் எழுதவேண்டும். எங்களுக்குத் தோன்றும் நியாயத்தை அந்தக் கட்டத்துக்குள் நுழைக்க ஆரம்பித்தால் 234 தொகுதிக்கும் ஆளுக்கொரு அட்டவணை எழுதலாம். ஆனால் வெறும் "தோல்வி" என்று எழுதி நகர்ந்துவிட்டால், 2016-இல் அங்கே என்ன நடந்தது என்பதில் பாதிதான் பதிவாகும். நான் "தோல்வி" என்று எழுதி, பக்கத்தில் "தேர்தல் வழக்கு; மறு எண்ணிக்கை முடிவு பேரவைக் காலத்துக்குள் வெளியாகவில்லை" என்று சேர்க்கச் சொல்வேன்.

2021 எளிது. அதே இருவர் மோதினார்கள். அப்பாவு 82,331, இன்பதுரை 76,406, வித்தியாசம் 5,925. மே 12-ஆம் தேதி போட்டியின்றிப் பேரவைத் தலைவரானார். வித்தியாசம் கட்டத்தில் 5,925 என்பது சாதாரண எண்தான், 49-க்குக் கீழே வந்து நிற்பதால் பெரிதாகத் தெரிகிறது.

அதற்கப்புறம் அவர் செய்தது எதுவும் இந்த அட்டவணைக்குள் அடங்காது. 2024 பிப்ரவரி 12 அன்று ஆளுநர் உரையை ஆளுநர் சில நிமிடங்களிலேயே முடித்துக்கொள்ள, தமிழ் வடிவத்தை அப்பாவுவே வாசித்தார். அன்றைக்கு எங்கள் பிரிவுக்கு வந்த போனெல்லாம் "அவர் பழைய எலக்‌ஷன் விவரம் இருக்கா?" என்றுதான் கேட்டது. சபாநாயகர் ஓட்டுகள் சரிசமமாகப் பிரியும்போது மட்டும்தான் ஓட்டளிக்க முடியும். மற்றபடி அவர் எந்தத் தீர்மானத்துக்கும் கை தூக்குவதில்லை. தேர்தல் அட்டவணையை வைத்து ஒரு சபாநாயகரை அளப்பது வீண்வேலை.

சொத்து விவரத்திலும் இப்படி ஒரு ஓட்டை உண்டு. வேட்பாளர்கள் சொத்து, வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தருவது உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு 2003-இல்தான் உறுதியானது. எனவே 1996, 2001-இல் ஜெயித்த எவருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க அன்றைய தாள் கிடையாது. "இருபத்தஞ்சு வருஷத்துல சொத்து எத்தனை மடங்கு ஏறுச்சுனு போடுங்க" என்று கேட்கிற பத்திரிகை ஆசிரியர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

இன்பதுரையின் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன். 2016 வெற்றி, 2021 தோல்வி, 2025-இல் மாநிலங்களவை. கடைசி வரிக்கு வாக்கு, வித்தியாசம் எதுவும் கிடையாது, போட்டியின்றித் தேர்வு. சட்டமன்ற அட்டவணையில் அது வரவும் வராது. தொகுதிப் பக்கத்தை மட்டும் படிக்கிறவர் அவரைத் தோற்றுப்போன முன்னாள் எம்.எல்.ஏ. என்றே நினைத்துக்கொள்வார்.

போன முறை பக்கம் வடிவமைக்கிற தம்பியிடம், "வழக்கு", "ஒதுக்கீடு" என்று இரண்டு கட்டம் கூடுதலாக வேண்டும் என்றேன். "அகலம் பத்தாதுண்ணே, எதையாச்சும் எடுங்க" என்றார். வேட்பாளரின் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். முகம் போஸ்டரில் இருக்கிறது, இந்த இரண்டு கட்டமும் வேறெங்கும் இல்லை. படத்தை அவர் எடுக்கவில்லை, எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்.