சொற்களுக்கு நடுவே இவ்வளவு வெள்ளை

ஜூன் 3
ஆசிரியர் ஐயாவின் கட்டுரைத் தொகுப்புக்குப் பக்கம் அமைத்து, முதல் புரூஃப் (திருத்தம் பார்க்கும் தாள்படி) எடுத்தேன். டெம்மி 1/8 அளவுப் புத்தகம், எழுத்து 11 பாயின்ட். திரையில் தெரியாதது தாளில் கண்ணை உறுத்துகிறது. ஒரு வரியில் 'கேட்டுக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று ஒரு சொல், கூட இன்னும் இரண்டே சொல், நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. தமிழில் சொற்கள் நீளம், வரிக்கு நாலைந்துதான் வரும், அதனால் இரண்டு ஓரமும் நேராக நிற்க வரியை இழுக்கும்போது மிஞ்சுகிற இடமெல்லாம் அந்த மூன்று நான்கு இடைவெளிகளின் தலையில் விழுகிறது.

ஜூன் 4
பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில், இந்த இடைவெளிகளுக்கு வரம்பு வைக்கும் ஜஸ்டிஃபிகேஷன் பெட்டியைத் திறந்தேன். வேர்ட் ஸ்பேசிங் (சொல் இடைவெளி) குறைந்தது 80, விரும்புவது 100, அதிகபட்சம் 133 சதவீதம் என்று ஏற்கெனவே இருப்பதை இதுவரை தொட்டதே இல்லை. 100 என்பது அந்த எழுத்துருவுக்குள்ளேயே இருக்கும் இடைவெளி. நான் போட்டிருக்கும் எழுத்துருவில் அதுவே அகலம். 70, 85, 120 என்று மாற்றினேன், பக்கம் உடனே இறுகியது. அப்புறம் பிரிஃபரன்ஸில் எச் அண்ட் ஜே வயலேஷன்ஸ் (வரம்பு மீறிய வரிகளை நிறமிட்டுக் காட்டுவது) போட்டுப் பார்த்தால் அங்கங்கே மஞ்சள். வேறு வழியில்லாத வரியில் நாம் கொடுத்த 120ஐயும் மென்பொருள் தாண்டிவிடும், எவ்வளவு தாண்டுகிறதோ அவ்வளவு அடர்ந்த மஞ்சள்.

ஜூன் 5
லெட்டர் ஸ்பேசிங்கில், அதாவது எழுத்துகளுக்கு நடுவே, கொஞ்சம் கொடுத்துப் பார்த்தேன். வேண்டாம். ஒரே சொல் இரண்டு சொல்லாகத் தெரிகிறது. பழையபடி 0.

ஜூன் 7
வழி கிடைத்தது. அந்தக் காலத்து அச்சுக்கோப்பாளர்கள் செய்ததுதான்: சொல்லை வரிக் கடைசியில் உடைத்து, கோடு போடாமல் அடுத்த வரிக்குக் கொண்டுபோவது. இன்டிசைனில் இதற்கு டிஸ்கிரிஷனரி லைன் பிரேக் இருக்கிறது, தேவைப்பட்டால் மட்டும் அங்கே உடையும், கோடு வராது. 'கேட்டுக்' மேலே, 'கொண்டிருந்தவர்களிடமிருந்து' கீழே. புள்ளி வைத்த எழுத்தில் மட்டும் வரி தொடங்கவே கூடாது, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாராகிராஃப் கம்போஸர் முழுப் பாராவையும் சேர்த்துக் கணக்குப் போடுவதால் ஐந்தாம் வரியில் கை வைத்தால் இரண்டாம் வரி நகர்கிறது. அதனால் பிழைத்திருத்தம் எல்லாம் முடிந்த பிறகே இந்த வேலை.

ஜூன் 9
163 பக்கம் 160 ஆனது, 16 பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் சரியாக 10 ஃபாரம்! 71ஆம் பக்கத்தில் ஒரு வரி மட்டும் இன்னும் மஞ்சள். ஒரு சொல்லைச் சுருக்கலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். "அது அப்படியே இருக்கட்டும்மா" என்றார். சரி, மேல் வரியில் வேறு சொல்லை உடைத்துப் பார்க்கிறேன்.