பாட்டி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார்?

போன வருஷம் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் 500க்கும் மேற்பட்ட படிகளை நின்று நின்றாவது ஏறியவர், இந்த வருஷம் சந்தைக்குப் போய் வரவே மூச்சு வாங்குகிறார். வீட்டில் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "வயசாயிடுச்சு, அப்படித்தான்." வயது உடல் பலத்தை மெல்லத்தான் குறைக்கும். ஒரே வருஷத்தில் இவ்வளவு இறங்கினால் இதயச் செயலிழப்பு (இதயம் நின்றுவிடுவதல்ல, உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை அனுப்பமுடியாமல் திணறுவது) இருக்குமோ என்று பார்க்க வேண்டும்.

நெஞ்சுவலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இதற்கு வலி வரவேண்டும் என்பதில்லை. முதலில் படுக்கையைப் பாருங்கள். ஒரு தலையணையில் படுத்தவர் மூன்று வைக்கிறாரா? ஹாலில் சாய்வு நாற்காலியிலேயே தூங்குகிறாரா? படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து ஜன்னலோரம் போய் உட்காருகிறாரா? பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்தோடு நெஞ்சுக்குத் திரும்புகிறது. தளர்ந்த இதயத்தால் அதை இறைக்க முடியாமல் நுரையீரலில் கசிகிறது. இரவில் நாலு தடவை சிறுநீருக்கு எழுவதற்கும் காலிலிருந்து திரும்பும் இதே நீர் காரணமாகலாம். சிலருக்கு இருமலும் வீசிங்கும் மட்டுமே வரும். ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலரோடு மாதங்கள் ஓடிவிடும்.

அடுத்தது கால். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெல்ல மேலெழும்பினால் நீர் கோத்திருக்கிறது. சிலிப்பர் வார் பதிந்த தடமும் அதைத்தான் காட்டும். படுத்த படுக்கையாய் இருப்பவருக்குக் காலைப் பார்த்து ஏமாறாதீர்கள்; நீர் கீழ் முதுகில் தேங்கும், அங்கே அழுத்துங்கள். ஆனால் ரத்தக்கொதிப்புக்கான அம்லோடிபின் மாத்திரையாலும் கணுக்கால் வீங்கும். அதற்காக நீங்களாக அதை நிறுத்தாதீர்கள்.

முதியவர்களிடம் இதெல்லாம் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். பசியில்லை, ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது, பேச்சில் குழப்பம், எந்நேரமும் களைப்பு என்று மட்டுமே வரலாம். காற்றுப் பிடித்திருக்கிறது என்று தைலம் தேய்ப்பதோடு நாமும் விட்டுவிடுகிறோம்.

எடைதான் மலிவான சோதனை. தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், பசியாறுவதற்கு முன், அதே தராசில் நிறுத்து காலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, ஏறக்குறைய 2 லிட்டர் நீர். உப்பு மிகுந்த கருவாடு, கிச்சாப் (சோயா சாஸ்), மெகி மீ எல்லாம் எத்தனை தடவை என்று அப்போது யோசியுங்கள். மூட்டுவலிக்கு வாங்கிய டைக்ளோஃபினாக், ஐபுப்ரொஃபென் மாத்திரைகளும் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் பிடித்துவைத்து இதைக் கிளப்பும்.

கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) போகும்போது அந்த எடைக் குறிப்பையும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் கொண்டுபோங்கள். இசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, முடிந்தால் பிஎன்பி (இதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் பொருள்) ரத்தப் பரிசோதனை, பிறகு எக்கோ எனும் இதய ஸ்கேன். எக்கோவில் இதயம் இறைக்கும் அளவு 50 சதவீதத்துக்கு மேல் என்று வந்தாலும் இதயச் செயலிழப்பு இல்லை என்றாகிவிடாது. ரத்தக்கொதிப்பும் இனிப்புநீரும் (சர்க்கரை நோய்) உள்ள பாட்டிமாரிடம் சுவர் விறைத்த இதயம்தான் அதிகம்: நன்றாக இறைக்கும், நிரம்பத்தான் திணறும்.

உட்கார்ந்தும் மூச்சு முட்டுகிறது, உதடு நீலம், நுரையாய் இளஞ்சிவப்புச் சளி, மயக்கம், நெஞ்சுவலி: இதில் எது வந்தாலும் உடனே மலேசியாவின் அவசர எண் 999. போனில் "செசாக் நாபாஸ், தா போலே பாரிங்" (மூச்சு முட்டுகிறது, படுக்க முடியவில்லை) என்று மலாயில் சொல்லுங்கள். வண்டி வரும்வரை காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுக்கவைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள்.